மரமற்ற கரையில் ஒரு மரப்பெட்டி

ஐக்கிய அரபு அமீரகத்திலும் ஓமானிலும் 'மந்தூஸ்' என்றும், குவைத்திலும் பஹ்ரைனிலும் 'சந்தூக் முபய்யத்' என்றும் வழங்கும் பித்தளைக் குமிழாணி பதித்த மரப்பெட்டி, எண்ணெய் வளம் கண்டறியப்படுவதற்கு முந்தைய வளைகுடா வீடுகளில் அறைகலன் என்று சொல்லத்தக்க மிகச் சில பொருள்களுள் முதன்மையானது. தரையில் விரித்த பாயிலும் கம்பளத்திலும் அமர்ந்து, அங்கேயே உண்டு, அங்கேயே விருந்தினரை வரவேற்ற மக்களுக்கு நாற்காலியும் மேசையும் தேவைப்படவில்லை. ஆனால் துணி, நகை, அத்தர், சாம்பிராணி, கடன் பத்திரம் ஆகியவற்றை வைத்துப் பூட்ட ஒரு பெட்டி கட்டாயம் தேவைப்பட்டது. மணப்பெண் புகுந்த வீட்டுக்கு அதைக் கொண்டு போனாள். கப்பல் தலைவனான நகுதா தன் பெட்டியைக் கப்பலிலேயே வைத்திருந்தான். அமெரிக்கப் பழம்பொருள் ஆர்வலர்கள் 18ஆம் நூற்றாண்டின் பிலடெல்பியா மகோகனி நாற்காலியை எந்தக் கண்ணால் பார்க்கிறார்களோ அதே கண்ணால் வளைகுடாக் குடும்பங்கள் இன்று மந்தூஸைப் பார்க்கின்றன. இரண்டையும் செய்த தச்சர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள் என்றாலும், இருவருக்கும் முன்னே நின்ற பொறியியல் சிக்கல் ஒன்றே: வெட்டி, உலர்த்தி, இழைத்து, மெருகேற்றிய பின்னரும் மரம் அசைந்துகொண்டே இருக்கிறது.

மந்தூஸின் முதல் வியப்பு, அது இருக்கும் இடத்தில் அதற்கான மரம் இல்லை என்பதுதான். அமீரகம் 2008இல் தன் தேசிய மரமாக அறிவித்த 'காஃப்', தமிழகத்தில் விருத்தாசலம் கோயிலின் தலமரமாக நிற்கும் வன்னியேதான். பாலையின் வெப்பத்தைத் தாங்கும் அம்மரம் கோணலாக வளர்வதால் அகலப் பலகைக்கு உதவாது. இலந்தையின் இனமான 'சித்ர்' மரமும் அப்படியே. பேரீச்சை நெடிதாக, நேராக வளர்ந்தாலும் அது புல்லினத்தைப் போல ஒருவித்திலைத் தாவரம். ஆண்டுக்கு ஒரு வளையமாகப் பருத்து வைரம் பாயும் திசு அதற்குக் கிடையாது. மென்மையான சோற்றுக்குள் நார்க்கற்றைகள் சிதறிக் கிடக்கும் அதன் தண்டு, பிளந்து உத்தரமாகப் போடத் தகுமே தவிர, இழைத்துப் பொருத்தும் வேலைக்குத் தகாது. ஆகவே கதவு, தூண், படகு, பெட்டி அனைத்துக்குமான மரமும் கடல் கடந்தே வந்தது. சுமேரியாவின் லகாஷ் நகரை ஆண்ட ஊர்-நான்ஷே, தில்முன் கப்பல்கள் தனக்கு மரம் கொண்டுவந்ததாகக் கி.மு. 2500ஐ ஒட்டிய காலத்தில் பொறித்து வைத்திருக்கிறான். தில்முன் என்பது இன்றைய பஹ்ரைன் பகுதி. அங்கே காடு இல்லாததால் அம்மரம் வேறெங்கிருந்தோ வந்து கைமாறியிருக்க வேண்டும். கி.பி. முதல் நூற்றாண்டின் 'எரித்ரேயக் கடல் பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்க வணிகக் கையேடு, குஜராத்தின் பருகச்சத்திலிருந்து, அதாவது இன்றைய பரூச்சிலிருந்து, பாரசீக வளைகுடாத் துறைகளுக்குப் பெரிய கப்பல்களில் மரம் போனதைப் பதிவு செய்கிறது. ஈரான் கரையிலிருந்த சிராப் துறைமுகத்தின் வீடுகள் தேக்காலும் கிழக்கு ஆப்பிரிக்க மரத்தாலும் கட்டப்பட்டவை என்று 10ஆம் நூற்றாண்டுப் புவியியலாளர் இஸ்தக்ரி எழுதினார். தேக்கை அரபியர் 'சாஜ்' என்றனர். ஐரோப்பியரோ மலபார்க் கரையில் கேட்ட 'தேக்கு' என்ற சொல்லையே போர்த்துகீசிய மொழி வழியாக எடுத்துச் சென்றனர்.

இவ்வணிகம் வீட்டின் அளவையே தீர்மானித்தது. கூரைக்குப் பயன்பட்ட 'சந்தல்' கழிகள் கிழக்கு ஆப்பிரிக்காவின் லாமு, ருஃபிஜி கழிமுகங்களில் வெட்டப்பட்ட கண்டல் மரங்கள். அவற்றின் பயன்படு நீளம் மூன்று, மூன்றரை மீட்டரைத் தாண்டாததால் துபாயின் அல் பஹீதி பகுதியிலும் ஷார்ஜாவின் பழைய வீடுகளிலும் அறைகள் நீண்டு, அகலம் குறுகி நிற்கின்றன. ஆஸ்திரேலியக் கடலோடி ஆலன் வில்லியர்ஸ் 1938–39இல் ஒரு குவைத் பாய்க்கப்பலில் பயணம் செய்தபோது, அக்கப்பல் ருஃபிஜியிலிருந்து ஏற்றி வந்த சரக்கும் இக்கழிகளே. பெட்டிகளோ பெரும்பாலும் எதிர்க்கரையிலிருந்து செய்து முடித்த நிலையிலேயே வந்தன. சூரத் பெட்டி, பம்பாய்ப் பெட்டி, ஷிராஸி பெட்டி என்று வணிகர்களிடையே வழங்கும் பெயர்கள் அவை செய்யப்பட்ட அல்லது செய்யப்பட்டதாகக் கருதப்பட்ட ஊர்களைச் சுட்டுகின்றன. இவற்றை முறையாக ஆராய்ந்த ஷீலா அன்வின் 2006இல் வெளியிட்ட 'தி அராப் செஸ்ட்' என்னும் நூல் இத்துறையில் இன்றும் முதலில் எடுக்க வேண்டிய நூலாகும். அரபுப் பெட்டி என்று பெயர் பெற்ற பொருள், மரத்தாலும் பல வேளைகளில் கைவேலையாலும் இந்தியப் பெட்டி.

தேக்கும் ஈட்டியும் இவ்வேலைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது வெறும் வழக்கத்தால் அன்று. தேக்கின் வைரப்பகுதியில், அதாவது வெளிப்புற வெள்ளைப் பகுதிக்கு உள்ளே அமைந்த பழுப்பு நிறக் கட்டையில், ரப்பரை ஒத்த ஒரு பொருளும் எண்ணெய்ப் பசையும் ஊறியிருக்கின்றன; டெக்டோகுவினோன் என்ற வேதிப்பொருள் கறையானை அண்டவிடுவதில்லை. புதிதாக இழைத்த தேக்கில் பதப்படுத்திய தோலின் வாடை வருவதும், தடவினால் மெழுகுத்தன்மை தட்டுப்படுவதும் இவற்றால்தான். அதே மரத்துக்குள் நுண்ணிய சிலிக்காத் துகள்களும், அதாவது மணலின் வேதிப்பொருளும், இருப்பதால் உளியும் ரம்பமும் விரைவில் மழுங்குகின்றன. தேக்கில் வேலை செய்யும் தச்சர் அடிக்கடி சாணை தீட்ட வேண்டியிருப்பது அதனால்தான். ஓக் மரத்தில் அடித்த இரும்பாணியை அம்மரத்தின் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் அரித்துக் கறுப்புக் கறையை உண்டாக்குவதைப் போலத் தேக்கு செய்வதில்லை. உப்புக் காற்று வீசும் கரையில் இது சிறிய நன்மை அன்று.

இவ்வளவு நற்குணமுள்ள மரமும் காற்றின் ஈரத்துக்கு ஏற்பப் பருத்துச் சுருங்குவதைத் தவிர்க்க முடியாது. மரம் என்பது அடிப்படையில் நெடுக்குவாட்டில் அடுக்கிய நுண்குழாய்களின் கட்டு. குழாயின் சுவரில் செல்லுலோஸ் இழைகளுக்கிடையே நீர் மூலக்கூறுகள் புகும்போது சுவர் பக்கவாட்டில் தடிக்கிறது. நீளவாட்டில் ஏறக்குறைய மாறுவதில்லை. மரத்தின் உலர் எடையில் சுமார் 28 விழுக்காடு நீர் சேரும்வரை இத்தடிப்புத் தொடரும். அதற்கு மேற்பட்ட நீர் குழாயின் உள்வெளியில் தேங்குவதால் அளவை மாற்றாது. இந்த எல்லையை இழை நிறைவு நிலை என்பர். அந்நிலையிலிருந்து முற்றிலும் உலரும்வரை தேக்கு, ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் 5.8 விழுக்காடும், நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிய ஆரத்திசையில் 2.5 விழுக்காடும் சுருங்குகிறது. மகோகனிக்கு இவ்வளவுகள் முறையே 4.1, 3.0. இரு திசைகளின் சுருக்கமும் எவ்வளவுக்கு நெருங்கி நிற்கின்றனவோ அவ்வளவுக்குப் பலகை கோணாமல் இருக்கும் என்பதால், வளைவான செதுக்கல் வேலைக்கு அமெரிக்கத் தச்சர் மகோகனியை நாடியது சரியான தெரிவே.

இந்த எண்களை ஒரு பெட்டியின் மேல் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. வளைகுடாக் கடற்கரையில் கோடை இரவுகளில் காற்றின் ஒப்பு ஈரப்பதம், அதாவது அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு உள்ளதோ அந்த அளவு, 80 விழுக்காட்டை எளிதில் தாண்டும். அப்படிப்பட்ட காற்றில் நெடுநாள் இருக்கும் மரம் பொதுவாக 16 விழுக்காடு ஈரத்தில் நிலைகொள்ளும். 50 விழுக்காடு ஈரப்பதமுள்ள குளிரூட்டிய அறையில் அது 9 விழுக்காட்டுக்கு இறங்கும். இந்த ஏழு விழுக்காட்டு வேறுபாடு 28இல் கால் பங்கு. எனவே 40 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு தேக்கு மூடிப் பலகை, வளையத்தை ஒட்டி அறுக்கப்பட்டிருந்தால், ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் குறுகும். ஆரத்திசையில் அறுக்கப்பட்டிருந்தால் இரண்டரை மில்லிமீட்டர்தான் குறுகும். ஆறு மில்லிமீட்டர் இடைவெளிக்கும் அதில் பாதிக்கும் குறைவான இடைவெளிக்கும் உள்ள வேறுபாட்டை, மரக்கட்டையை ரம்பத்தின் முன் எப்படித் திருப்பி வைத்தார்கள் என்பதே முடிவு செய்துவிடுகிறது.

பெட்டியின் உடலில் பழைய தச்சர்கள் இச்சிக்கலை மிக எளிதாகத் தீர்த்தார்கள். முன்பலகை, பின்பலகை, இரு பக்கப் பலகைகள் ஆகிய நான்கிலும் இழையோட்டம் தரைக்கு இணையாகக் கிடையாகவே ஓடும். ஈரம் ஏறினால் நான்கும் உயரத்தில் ஒன்றாக உயரும். வறண்டால் ஒன்றாகத் தாழும். மூலையில் புறாவால் பொருத்து, அதாவது புறாவின் விரிந்த வாலைப் போல் வெட்டிய பற்களை எதிர்ப்பலகையின் பள்ளங்களில் செருகும் முறை, கையாளப்பட்டாலும் சரி, வெறுமனே ஆணி அடிக்கப்பட்டாலும் சரி, ஒரு பலகை மற்றதை இழுத்துப் பிளப்பதில்லை. அடியில் வரிசையாக அமைந்த சிற்றிழுப்பறைகளே ஈரக் காலத்தில் தகராறு செய்யும். அவற்றின் முகப்பு பருத்து, மேல்சட்டத்தில் முட்டி, வெளியே வர மறுக்கும். நல்ல வேலையில் இழுப்பறைக்கு மேல் ஒரு நூல் அளவு இடைவெளி விடப்பட்டிருப்பதைக் காணலாம். வறண்ட காலத்தில் அது அலட்சியமான வேலையைப் போலத் தோன்றினாலும் அதுவே கணக்கறிந்த வேலை.

மூடியில்தான் தச்சர் தோற்றார் என்று சொல்ல வேண்டும். அகலப் பலகை வளையாமல் இருக்க அதன் அடியில் குறுக்குச் சட்டங்களை ஆணியடித்து இறுக்கினர். சட்டத்தின் இழையோட்டம் பலகையின் இழையோட்டத்துக்குச் செங்குத்தாக இருப்பதால், பலகை குறுக விரும்பும் திசையில் சட்டம் துளியும் குறுகாது. இரு முனைகளும் பிடிபட்ட பலகைக்கு நடுவில் விரிசல் விடுவதைத் தவிர வேறு வழியில்லை. பழைய மந்தூஸ்களின் மூடியில் நெடுக ஓடும் வெடிப்பு கையாளுதலின் கொடுமையால் வந்ததைவிட இவ்வாறு வந்ததே மிகுதி. இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிடிபட்ட நிலையில் மரம் ஈரத்தில் பருக்க முயன்றால், இடம் கிடைக்காமல் அதன் நுண்குழாய்கள் தம்முள் நசுங்குகின்றன. பின்னர் உலரும்போது அது முன்பிருந்ததைவிடவும் சிறிதாகிறது. மண்வெட்டிக் காம்பு ஆடினால் தண்ணீரில் ஊறப்போட்டு இறுக்கும் வழக்கமும், மறுவாரம் அது முன்னிலும் மோசமாக ஆடுவதும் தமிழக உழவர் அனைவரும் அறிந்தவை. அதே நசுங்கல்தான் ஒவ்வொரு கோடையும் மூடியின் வெடிப்பை மயிரிழை அளவு கூட்டிச் செல்கிறது.

மகோகனி நாற்காலியின் தச்சருக்கு வாய்த்த சிக்கல் வேறு வடிவம் கொண்டது. கையில்லாத நாற்காலியில் அமர்பவர் பின்னால் சாயும்போது, உடல் எடை முழுதும் நெம்புகோலாக மாறி, இருக்கையின் பக்கச் சட்டமும் பின்காலும் சேரும் மூட்டின் மேல் விழுகிறது. அம்மூட்டு, சட்டத்தின் முனையை நாக்குப் போலச் செதுக்கிக் காலில் வெட்டிய துளைக்குள் செருகும் பொருத்து. நாக்கின் இழையும் காலின் இழையும் ஒன்றுக்கொன்று குறுக்கானவை. ஏழு சென்டிமீட்டர் அகலமுள்ள மகோகனி நாக்கு மேலே சொன்ன ஈர வேறுபாட்டில் முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்கும். அதைத் தாங்காமல் வச்சிரம், அதாவது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த தச்சுப் பசை, விட்டுவிடும். பிலடெல்பியாத் தச்சர்கள் இந்நாக்கைக் காலின் பின்புறம் வரை ஊடுருவச் செய்து ஒட்டும் பரப்பைக் கூட்டினர்; அவ்வூர் நாற்காலியை அடையாளம் காண அறிஞர்கள் பின்காலைத் திருப்பிப் பார்ப்பது இந்த நாக்கு முனையைத் தேடித்தான். வச்சிரத்தின் பலவீனமே அதன் பெருமையும் ஆகும்: வெந்நீரின் சூட்டில் அது இளகுவதால், இருநூறு ஆண்டு கழித்தும் மூட்டைப் பிரித்து மீண்டும் ஒட்டலாம். இன்றைய வேதிப்பசைகள் பலவற்றில் அது நடவாது. நாளைய பழுதுபார்ப்பவருக்கு மரத்தை உடைப்பதைத் தவிர வழி வைக்காத வலிமையைச் சிறப்பு என்று கருதுவது கடினம்.

மந்தூஸின் பித்தளைக் குமிழாணிகளைச் சிலர் வெறும் அலங்காரம் என்பர். வட்டம், பிறை, நட்சத்திரம், பூ என வரிசை வரிசையாக அடிக்கப்பட்ட ஆணிகளையும், அவற்றுக்கிடையே பதித்த, துளை வேலைப்பாடு கொண்ட பித்தளைத் தகடுகளையும் காணும்போது அப்படித் தோன்றுவது இயல்பே. ஆயினும் பித்தளை, செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம் என்பதால், துருப்பிடித்து உப்பிப் பலகையைப் பிளக்கும் இரும்பைப் போல நடந்துகொள்வதில்லை. மெல்லிய தண்டுள்ள சிறு ஆணிகள் மரம் அசையும்போது சற்று வளைந்து கொடுக்கின்றன. ஒரே இடத்தில் இறுக்கிப் பிடிக்கும் பெரிய ஆணியைவிட இது மரத்துக்கு உகந்தது. ஈட்டி போன்ற கெட்டி மரத்தில் முதலில் துளையிட்டுப் பின்னரே ஆணியை இறக்க வேண்டும். இல்லையேல் வரிசையாக அடித்த ஆணிகள் இழையோட்டம் நெடுகப் பலகையைப் பிளந்துவிடும். உப்புக் காற்று பித்தளையையும் முற்றாக விட்டுவைப்பதில்லை. குளோரைடு உப்பு அதிலுள்ள துத்தநாகத்தை மட்டும் கரைத்து வெளியேற்ற, எஞ்சிய செம்பு கடற்பஞ்சைப் போல் நுண்துளைகளுடன் செம்மை படர்ந்து நொறுங்கும் நிலைக்கு வருகிறது. விழாவுக்கு விழா புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கும் பழக்கம், ஏற்கெனவே மெலிந்த தகட்டை இன்னும் மெலியச் செய்கிறது.

இப்பெட்டிகளுக்கு வந்த பெரிய சோதனை கடலாலோ கறையானாலோ வந்ததன்று, குளிரூட்டியால் வந்தது. 2003 ஜூலை 8 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் பனிநிலை 35 டிகிரி செல்சியஸ் எனப் பதிவாயிற்று. பனிநிலை என்பது காற்றிலுள்ள நீராவி நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, அது உயர உயரக் காற்றில் நீர் மிகுதி என்று பொருள். உலகில் பதிவானவற்றுள் மிக உயர்ந்த பனிநிலையாக அது குறிப்பிடப்படுகிறது. அத்தகைய காற்று நிறைந்த முற்றத்தில் தலைமுறைகளாக நின்ற பெட்டி, 1960களுக்குப் பின் குளிரூட்டிய கூடத்துக்கு நகர்ந்தபோது, பருவத்துக்குப் பருவம் மெதுவாக ஏறி இறங்கிய ஈரம் ஒரே வீச்சில் இறங்கிவிட்டது. பலகையின் குறுக்கு வெட்டு முனைகளில் குழாய் வாய்கள் திறந்திருப்பதால் நீர் அங்கே மிக விரைவில் வெளியேறும். ஆகவே வெடிப்பும் அங்கேயே தொடங்கும். அரக்கோ மெழுகோ பூசினால் இந்த வேகம் குறையுமே தவிர, நிற்காது. கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிக் குளிரூட்டியை அணைத்துவிட்டு ஊருக்குப் போகும் தமிழ்க் குடும்பங்கள், திரும்பி வரும்போது அலமாரித் துணியிலும் மரச் சாமான்களிலும் பூஞ்சை படர்ந்திருப்பதைக் காண்பது இதே ஊசலின் மறுமுனை. ஈரம் கூடுதலான கடற்கரை ஊரில் செய்து, அபுதாபிக்கோ தோஹாவுக்கோ கப்பலில் அனுப்பிய தேக்கு ஊஞ்சலின் பலகை மூன்றே மாதத்தில் விரிசல் விட்டால், குற்றம் பெரும்பாலும் மரத்தின் மேலும் இல்லை, தச்சரின் மேலும் இல்லை; சேரும் ஊரின் அறைக்கு ஏற்ற ஈரத்துக்கு மரத்தை உலர்த்தாமல் வேலையைத் தொடங்கியதே காரணம்.

ஒரு பெட்டியின் வயதை அறிய முற்படுபவருக்கு ஆய்வகம் எதிர்பார்த்த அளவு உதவுவதில்லை. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வளிமண்டலக் கதிரியக்கக் கரியின் அளவு ஏறி இறங்கிக் குழம்பிக் கிடப்பதால், கரிமக் காலக்கணிப்பு 1700க்கும் 1900க்கும் இடையே துல்லியமாகப் பிரித்துச் சொல்லாது. கண்ணும் விரலுமே மேலானவை. இழுப்பறையின் அடிப்பலகையை வெளியே எடுத்து, சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்தால், கை ரம்பம் விட்ட சிறிது கோணல்மாணலான நேர்க்கோடுகள் தெரியும். வட்ட ரம்பத்தின் வில் வடிவக் கோடுகள் தெரிந்தால் அது இயந்திர அறுவை மரம். கீலில் கூர்முனைத் திருகாணி இருந்தால், அது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன் இறங்கியிருக்க வாய்ப்பில்லை. நாற்காலியின் மூட்டில் இறுக்கிய மர முளை செய்த நாளில் வட்டமாக இருந்தது; இரு திசைகளிலும் வெவ்வேறு அளவில் சுருங்கியதால் அது காலப்போக்கில் நீள்வட்டமாகிறது, விரல் நுனியால் தடவினால் ஒரு பக்கம் மேடாகத் தட்டும். போலி செய்பவர் நிறத்தையும் அழுக்கையும் ஒரு வாரத்தில் ஏற்றிவிடுவார். இந்த நீள்வட்டத்தை வரவழைப்பது அவருக்கு அவ்வளவு எளிதன்று. மரத்தை இனங்காணுதல் இன்று சட்டத்தின் தேவையும் ஆகிவிட்டது: ஈட்டியை உள்ளடக்கிய டால்பெர்ஜியா பேரினம் 2017 ஜனவரி முதல் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கைப் பட்டியலில் இருப்பதால், அம்மரத்தால் ஆன பழைய பெட்டி எல்லை கடக்கும்போது ஆவணம் கேட்கப்படலாம்.

ஷார்ஜாவிலும் மஸ்கட்டின் முத்ரா சந்தையிலும் வரிசையாக அடுக்கியிருக்கும் புதிய மந்தூஸ்களில் அட்டைப் பலகையின் மேல் மெல்லிய மரத்தோல் ஒட்டியவை வெடிப்பதில்லை. மரத்தூளையும் பசையையும் சேர்த்து அழுத்திய பலகைக்கு இழையோட்டமே கிடையாது என்பதால் அதற்கு விருப்பமான திசை என்று ஒன்றும் இல்லை. பழைய பெட்டியின் கதை வேறு: அதன் மூடி வெடிப்பைக் கண்டவுடன் மரப்பட்டி வைத்து அடைத்துவிட விரும்பும் உரிமையாளரை அனுபவமுள்ள பாதுகாப்பாளர் தடுப்பார். வறண்ட அறையில் விரிந்து நிற்கும் பிளவில் கெட்டியான பட்டியை நிரப்பினால், அடுத்த ஆகஸ்டில் குளிரூட்டி பழுதாகிப் பலகை ஈரம் குடித்துப் பருக்கும்போது அது முட்டி நிற்கும். தன்னளவில் மூடிக்கொள்ள இருந்த வெடிப்பு, இடம் கிடைக்காமல் பக்கத்தில் புதிதாக ஒன்றைத் திறக்கும். எனவே அவர் குறுக்குச் சட்டத்தின் ஆணித் துளையைச் சற்று நீட்டி அகலமாக்கி, பலகை நகர வழி செய்துவிட்டு, வெடிப்பை அப்படியே விட்டுவிடுகிறார்.